கடற்புல் அளக்கக் கற்றுக்கொண்டது: மாயேபூரிலிருந்து சான்சிபார் வரை

தான்சானியாவின் சான்சிபார் தீவில் நடந்த கடற்புல் அளக்கும் பயிற்சிக்கு எனக்கு எப்படி இடம் கிடைத்தது என்று இங்கே மொரிசியஸில் தம்பி தங்கைகள் சிலர் கேட்டபடியே இருக்கிறார்கள், அதனால் எழுதி வைக்கிறேன்.

2020 ஆகஸ்டில் வகாஷியோ கப்பலிலிருந்து சுமார் 1000 டன் எண்ணெய் கொட்டியபோது எங்கள் ஊர் மாயேபூர் கரையில் கரும்புச் சோகையைத் துணியில் அடைத்து மிதவை தைத்தவர்களில் நானும் ஒருத்தி. அப்புறம், எண்ணெய் வருவதற்கு முன் எங்கள் பக்கத்துக் கடலடியில் எவ்வளவு புல் இருந்தது என்று தேடினால் என் கைக்கு ஒரு கணக்கும் அகப்படவில்லை. அது மனதை விட்டுப் போகவே இல்லை.

முதல் விண்ணப்பம் தள்ளுபடி. எங்கள் ஊரைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தேன், பக்கத்து நாடுகளுக்கு இதனால் என்ன பயன் என்று ஒரு வரிகூட இல்லை. இரண்டாவது முறை கென்யாவில் இதே வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு மின்னஞ்சல் போட்டு, இருவரும் ஒரே முறையில் அளப்போம் என்று சேர்ந்து எழுதினோம். கிடைத்தது. துறைக் கடிதத்துக்கு மட்டும் மூன்று வாரம் அலைந்தேன், அதை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

பயிற்சியில் முறை எளிதுதான்: 50 மீட்டர் கயிறு மூன்று, 25 மீட்டர் இடைவெளியில், ஒவ்வொரு 5 மீட்டருக்கும் அரை மீட்டர்ச் சதுரம் ஒன்று, தொடக்கத்தையும் சேர்த்துக் கயிற்றுக்கு 11, மொத்தம் 33. கஷ்டம் எங்கே என்றால், ஒரே சதுரத்தைப் பார்த்து நான் 40 சதவீதம் புல் என்றேன், கென்யத் தோழி 60 என்றார், மடகாஸ்கர்க்காரர் 35 என்றார். இப்படி ஆளுக்கொரு கணக்கு இருந்தால் நாடுகளை எப்படி ஒப்பிடுவது? மாதிரிப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று, எங்கள் எண்கள் நெருங்கி வரும்வரை இரண்டு நாள் பார்த்துப் பார்த்துச் சொன்னோம். கொமொரோஸ், மடகாஸ்கர் ஆட்களுக்குப் பிரெஞ்சு, கென்யா, தான்சானியா ஆட்களுக்கு ஆங்கிலம். மொரிசியஸ்காரிக்கு இரண்டும் வரும் என்பதால் நடுவில் நின்று சொல்லும் வேலை எனக்கே வந்தது, அதில் நானும் நிறையக் கற்றேன். சான்றிதழைவிட இந்த இரண்டு நாள்தான் எனக்குப் பெரிது. இன்று கென்யத் தோழி அனுப்பும் 45-ம் என்னுடைய 45-ம் ஒன்றுதான் என்று நம்பிச் சொல்ல முடிகிறது.

இங்கே சில ஹோட்டல்கள் வெள்ளை மணல் தெரிய வேண்டும் என்று புல்லைப் பிடுங்குவதைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும். மீன் குஞ்சு வளர்வதும் மணல் பிடிப்பதும் அந்தப் புல்லில்தானே.

அடுத்த அளவு வரும் அமாவாசையை ஒட்டி, தண்ணீர் நன்றாக வற்றும் நேரத்தில். கயிறு பிடிக்க இரண்டு பேர் குறைகிறார்கள், பழைய செருப்பு போட்டு வாருங்கள்.