கரையிறங்கிய தேதி

கோத்தகிரியில் ஒரு ஜெபக்கூட்டத்தின் நடுவில் சபை மூப்பர் ஒருவர் என்னை எழுப்பி நிறுத்தி, "தம்பி, நீ எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டாய்?" என்று கேட்டபோது எனக்கு 13 வயது. இலங்கையிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தலைமன்னாரில் கப்பலேறிய நாள் முதல், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் எங்களிடம் கேட்டது தேதியைத்தான்: பிறந்த தேதி, விண்ணப்பித்த தேதி, புறப்பட்ட தேதி, வந்து சேர்ந்த தேதி. கப்பலிலிருந்து இறங்கியதும் எங்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் கேட்ட கேள்வியே வேறு சொற்களில் வருகிறது என்று நினைத்துக்கொண்டு, கைகளைக் கட்டி நிமிர்ந்து நின்று, "1975 மார்ச் 11, ஐயா. இராமேஸ்வரத்தில்" என்று சொல்லிவிட்டேன். இந்தியாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டை அம்மாவின் இடுப்புப் பையில் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறோம் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

பெண்கள் பக்கத்தில் எழுந்த சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. மூப்பர் சிரிக்கவில்லை. "அது கப்பல் கரைசேர்ந்த தேதி, தம்பி. உன் ஆத்துமா கரைசேர்ந்த தேதியைக் கேட்டேன்" என்றார். அந்தத் தேதி என்னிடம் இல்லை. தெரியாது என்று சொல்லி உட்கார்ந்தபோது, ஓர் அலுவலகத்தில் எல்லாத் தாள்களும் சரியாக இருந்து, ஒன்றே ஒன்று மட்டும் இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவனைப் போல உணர்ந்தேன்.

இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப் போன தோட்டத் தமிழர்களை, 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் பங்கு போட்டது. மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பின்னர் 1974-இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கொழுந்து நிறுக்கும்போது காட்டும் கவனம்கூட அதில் இல்லை என்பார் என் அப்பா.

இந்தியாவில் எங்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. நான் திரும்பவில்லை, முதல் தடவையாக வந்தேன். அப்பாவும் அப்படித்தான். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கங்காணியின் பின்னால் நடந்து போனவர் அவருடைய பாட்டனார். ஒருநாளும் கண்ணால் காணாத வீட்டுக்கு எப்படித் திரும்புவது என்று அப்பா மண்டபத்தில் ஓர் எழுத்தரிடம் உண்மையான சந்தேகத்தோடு கேட்டார். அவர் அதை வம்பாக எடுத்துக்கொண்டார். இலங்கையில் எங்களைக் 'கள்ளத்தோணி' என்றார்கள். அரசாங்கக் கப்பலில் சீட்டு வாங்கி முறையாக இங்கே வந்து இறங்கியதும் 'சிலோன்காரர்கள்' ஆகிவிட்டோம்.

1968-இல் தமிழ்நாடு அரசு எங்களைப் போன்றவர்களுக்காகத் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. சமவெளியில் ஏதாவது கடை வைத்துப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்ற யோசனையைத் திருச்சி வெயில் இரண்டே வாரத்தில் முறியடித்தது. தெரிந்தவர் ஒருவர் வழிகாட்ட, கோத்தகிரிக்கு அருகில் ஒரு தனியார் தோட்டத்தில் வந்து சேர்ந்தோம். முதல் நாள் காலையில் கதவைத் திறந்து வெளியே பார்த்த அம்மா, மூடுபனியையும் தேயிலைச் செடிகளையும் சவுக்கு மரங்களையும் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா கடலைத் தாண்டி வந்தோம்?" என்று கேட்டதை இன்றும் எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிப்போம். ஆனால் கடைவீதிக்குப் போனதும் கடல் எவ்வளவு அகலமானது என்பது தெரிந்துவிட்டது. "ஒரு றாத்தல் பாண் தாங்க" என்று, அதாவது ஒரு பவுண்டு ரொட்டி, நான் கேட்க, கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் மகனைக் கூப்பிட்டு மறுபடியும் சொல்லச் சொன்னார். தேத்தண்ணி என்றால் சிரித்தார்கள். ரயிலைக் கோச்சி என்றால், கொச்சி ஊருக்கா என்று கேட்டார்கள்.

வேதாகமம் மட்டும் இரண்டு கரையிலும் ஒன்றே. அதிலும் எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. இலங்கை மலைநாட்டின் அட்டனில் அப்பம் என்றால் ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுவில் பஞ்சு போலவும் சட்டியில் சுட்டெடுக்கும் அப்பம்தான். ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் கொண்டு ஐயாயிரம் பேரைப் போஷித்தார் என்று உபதேசியார் வாசிக்கும்போதெல்லாம், தொட்டுக்கொள்ள மாசிக் கருவாட்டுச் சம்பல் இருந்ததா என்று வேதம் சொல்லவில்லையே என்று நான் ஏங்கியதுண்டு. கோத்தகிரியின் ஞாயிறு பள்ளியில்தான் அது வாற்கோதுமை ரொட்டி என்று ஆசிரியை விளக்கினார். அன்று எனக்கு ஏற்பட்ட ஏமாற்றம் கொஞ்சமல்ல.

இவையெல்லாம் ஓராண்டில் பழகிப் போயின. பழகாமல் நின்றது மூப்பரின் அந்தக் கேள்வி ஒன்றுதான்.

எங்கள் பழைய சபையில் அப்படி யாரும் கேட்டதில்லை. காப்பித் தோட்டக் காலத்தில், 1854-இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் வழியில் வந்தது அது. யாருக்காகத் தொடங்கினார்கள் என்பதைப் பெயரே சொல்லிவிடும். உபதேசியார், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக்கு வந்து மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி எங்களை உட்காரவைத்து வாசிப்பார், ஜெபிப்பார், ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த லயத்துக்குப் போவார். குழந்தையில் ஞானஸ்நானம், வளர்ந்ததும் திடப்படுத்தல், பிறகு நற்கருணை. இங்கேயோ ஒவ்வொருவரும் எழுந்து சாட்சி சொன்னார்கள்: இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்ன கூட்டத்தில், இரவு இத்தனை மணிக்கு ஆண்டவர் என்னைச் சந்தித்தார். ஒருவர் அன்று பெய்த மழையைக்கூட மறக்காமல் சொன்னார். அவர்கள் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அது பொறாமையை இன்னும் கூட்டியது.

17 வயதில் நான் ஒரு காரியம் செய்தேன். மேட்டுப்பாளையம் பக்கத்தில் நடந்த மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டத்துக்கு எங்கள் வாலிபர்களோடு போயிருந்தபோது, சாட்சி சொல்லும் வரிசையில் நானும் போய் நின்றேன். என் முறை வந்ததும், போன ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று இரட்சிக்கப்பட்டேன் என்று ஒலிபெருக்கியில் சொன்னேன். நாளைக்கு யாராவது திருப்பிக் கேட்டால் மறந்துபோகாத தேதியாக இருக்க வேண்டுமே என்பதற்காக அதைத் தேர்ந்தெடுத்தேன். கூட்டம் அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தது. இரட்சிப்பைப் பற்றியே பொய் சொன்னவன் இரட்சிக்கப்படுவானா என்ற பயத்தில் அன்றிரவு முழுவதும் எனக்குத் தூக்கமில்லை.

அந்தப் பயத்தில்தான் வேதத்தை உண்மையாகவே வாசிக்கத் தொடங்கினேன். பவுலுக்குத் தேதி உண்டு. தமஸ்குவுக்குப் போகிற வழியில் நடுப்பகலில் விழுந்தவர் அவர். ஆனால் பேதுரு எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டார்? வலைகளை விட்டுப் பின்சென்ற நாளா, நீர் கிறிஸ்து என்று அறிக்கையிட்ட நாளா, மூன்று தரம் மறுதலித்துவிட்டு வெளியே போய் மனங்கசந்து அழுத விடியற்காலமா? இத்தனை காலம் கூடவே நடந்தவரிடம், கடைசி இராப்போஜனத்தின்போது இயேசு, நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து என்கிறார். அப்படியானால் அதுவரை என்ன? தீமோத்தேயுவுக்கோ நாளும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. பாட்டி லோவிசாளிடமும் அம்மா ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் அவனுக்குள்ளும் இருக்கிறது என்று மட்டுமே பவுல் எழுதுகிறார். கொரிந்தியருக்கு எழுதும்போது 'இரட்சிக்கப்படுகிற நமக்கோ' என்கிறார். இரட்சிக்கப்பட்ட என்றல்ல, இரட்சிக்கப்படுகிற. நிகழ்காலப் பெயரெச்சம் ஒன்று எனக்கு ஆறுதல் சொல்லும் என்று தமிழாசிரியர்கூட எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மூப்பர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. கிறிஸ்தவ வீட்டில் பிறந்துவிட்டதாலேயே எல்லாம் முடிந்தது என்று இருந்த எங்களைப் போன்றவர்களை அந்தக் கேள்வி உலுக்கத்தான் வேண்டியிருந்தது. அப்பாவின் பெயரில் இருந்த குடும்ப அட்டையில் நானும் தங்கையும் இரண்டு வரிகளாக வந்து சேர்ந்தோம். இயேசுவிடத்தில் அப்படி யாருடைய அட்டையிலும் ஒட்டிக்கொண்டு போக முடியாது. பாவத்தை ஒத்துக்கொள்வதும், என்னால் என்னை மீட்டுக்கொள்ள முடியாது என்று கையை விரிப்பதும், சிலுவையில் மரித்து உயிர்த்தவர் எனக்காகச் செய்துமுடித்ததை நம்பி அவரிடத்தில் என்னை ஒப்புக்கொடுப்பதும் நானே செய்ய வேண்டியவை. கிருபையினாலே என்றால் இலவசம் என்று பொருளே தவிர, வராமலே கிடைத்துவிடும் என்று பொருளல்ல. ஆனால் மனந்திரும்புதல் என்ற சொல்லை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு 'தாயகம் திரும்பியோர்' என்ற சொல்தான் பக்கத்தில் வந்து நிற்கும். இயேசு சொன்ன கதையில் வீட்டை விட்டுப் போய்த் திரும்பிவந்த கெட்ட குமாரனுக்காவது அப்பாவின் வீடு தெரியும். வேலைக்காரருக்கு அங்கே பூர்த்தியான சாப்பாடு உண்டு என்பதும் தெரியும். நான் பார்த்தே இராத ஒரு தகப்பனிடம் திரும்பிக்கொண்டிருந்தேன். அது எப்படி முடியும் என்று மண்டபத்தில் எழுத்தரிடம் என் அப்பா கேட்டும் கிடைக்காமற்போன பதில் எனக்கு அங்கேதான் கிடைத்தது: வீட்டை நான் அறியாவிட்டாலும், வீட்டிலிருப்பவர் என்னை அறிந்திருந்தார்.

எங்களை இலங்கை அனுப்பியது, இந்தியா ஏற்றுக்கொண்டது. இரண்டு அரசாங்கங்களில் எதுவும் எங்களைப் பார்த்து 'வா' என்று ஒரு சொல் சொன்னதில்லை. ஒப்பந்தத்தில் அந்த வினைச்சொல்லுக்கு இடமே இருந்திருக்காது. 'வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே' என்று தொடங்கி 'என்னிடத்தில் வாருங்கள்' என்று ஒருவர் கூப்பிடுவதை, தோட்டத்து லயத்தில் பிறந்தவன் எந்தக் காதால் கேட்பான் என்பது மற்றவர்களுக்கு விளங்குமா, தெரியவில்லை.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. என் பொய்யைப் பற்றி அவளிடம் நான் சொன்னது, ஒரு மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில். இலங்கையில் பழகியபடியே, கூடையின் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுத்தான் அவள் பறிப்பாள். இடுப்பில் படங்குச் சாக்கு. வரிசையில் நின்று, முறை வந்ததும் கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கிக் கூடையை இறக்கினாள். கணக்கர் ஈரத்துக்கென்று கொஞ்சம், கூடைக்கென்று கொஞ்சம் கழித்து, பாக்கியைப் பேரேட்டில் எழுதினார். அம்மா நகர்ந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். கூடை இல்லை, ஆனால் கழுத்து இன்னும் முன்பக்கமாக வளைந்தே இருந்தது. கயிறு அழுத்திய இடத்தில் முடிக்கு நடுவே ஒரு தடம் தெரிந்தது. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, ஆண்டவரிடம் வந்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் வந்த மாதிரியே இல்லையே, பழைய புத்தி போகவில்லையே என்று அழுதேன்.

"கூடைய எறக்குனதும் கழுத்து நிமிந்துருமா?" என்றாள் அம்மா. "எறக்குனது எறக்குனதுதான்டா. கழுத்து மெதுவா நிமிரும்." பிறகு, அடுத்த கூட்டத்திலேயே எழுந்து ஆகஸ்ட் 15 பொய் என்று சொல்லிவிடும்படி கட்டளையிட்டாள். சொன்னேன். அந்தத் தடவை அல்லேலூயா யாரும் சொல்லவில்லை.

வந்து 50 ஆண்டுகள் கடந்துவிட்டன. ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, சொந்தமாக ஒரு சிறு வீடு, படுகு மொழியில் விலை பேசும் அளவுக்குத் தேர்ச்சி எல்லாம் உண்டு. நான் கோத்தகிரிக்காரன்தான் என்று பேரப்பிள்ளைகளிடம் அடித்துச் சொல்வேன். சொல்லி வாயை மூடுவதற்குள், மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலைரயிலின் கூவல் நினைவுக்கு வந்து, அட்டன் நிலையத்தில் நிற்கும் 'ஒப்பாரிக் கோச்சி'யாக மாறிவிடும். தலைமன்னாருக்குப் போகும் அந்த வண்டிக்கு எங்கள் சனங்கள் வைத்த பெயர் அது. போகிறவர்கள் சன்னலுக்கு உள்ளே, இருக்கிறவர்கள் வெளியே, வண்டி நகரும்வரை கைகளை விடமாட்டார்கள். என் அம்மாயி மேடையின் முனைவரை கூடவே ஓடிவந்து, விசில் சத்தத்துக்கு மேலாக எதையோ கத்தினாள். ஜெபம் பண்ணிக்கொள் என்றாளா, கடிதம் போடு என்றாளா என்பதை இன்றுவரை நாங்கள் முடிவுசெய்யவில்லை. குடும்ப அட்டை என் வேதாகமத்துக்குள் இருக்கிறது, எபேசியரில், அந்நியரும் பரதேசிகளுமாயிராமல் என்று வரும் பக்கத்தில். அதன் மடிப்பு கிழிந்து, முத்திரையில் மார்ச் மட்டும் மிச்சமிருக்கிறது.

அந்த மூப்பருக்கு இப்போது 90-ஐ நெருங்கும் வயது. நினைவு தப்பிவிட்டது, மற்றவர்களின் தேதிகளைக் கேட்டவருக்குத் தம்முடைய தேதியே போய்விட்டது. கடந்த ஜனவரியில், புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்திருந்த ஒரு காலையில், அவரைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு மணி நேரமாக அவரோடு பேசிக்கொண்டிருந்த பிறகு, திடீரென்று என்னைப் புதிதாகப் பார்ப்பவரைப் போலப் பார்த்து, "தம்பி, எப்ப வந்தே?" என்று கேட்டார்.

எந்த வரவைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. "இப்பத்தான் ஐயா வந்தேன்" என்றேன்.

"குளிரா இருக்கே. வெளியே நிக்காதே, உள்ளே வந்து உட்காரு."

நான் உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் எழுந்து, நாற்காலியைக் கரியடுப்பின் பக்கமாக இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.