உப்புச் சோதனையில் தோற்ற மீட்டர்

ஒருவழியாக, காலிச் சங்குக்குள் குடியிருக்கும் என் நில ஹெர்மிட் நண்டுகளின் தொட்டியில் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. இந்த முறை மீட்டர் சொல்வதை நம்பலாம், உப்பில் போட்டுப் பார்த்துவிட்டேன்.

டரான்டுலா என்ற பெரிய மயிர்ச் சிலந்தியை வளர்க்கும் ஆசையும் எனக்கு உண்டு. சிங்கப்பூரில் அதை வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை, நில ஹெர்மிட் நண்டுக்கு உண்டு. கவலை என்னவோ அதே கவலைதான்: சூடும் ஈரப்பதமும். செவுளால் மூச்சு விடும் ஜீவன் என்பதால் காற்று காய்ந்தால் இதற்கு மூச்சே திணறும்.

முதலில் வாங்கிய முள் மீட்டர் எந்நேரமும் 85 காட்டியது. ஏர்கான் ஓடினாலும் 85, மூடியைத் திறந்து வைத்தாலும் 85. பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைக் கொட்டி, சில சொட்டுத் தண்ணீர் விட்டேன். உப்பு கரைந்துவிடக் கூடாது, ஈர மணல் மாதிரி இருக்க வேண்டும். மீட்டரோடு சேர்த்து ஜிப் பையில் போட்டு, காற்றுப் புகாமல் மூடி, ஓர் இரவு விட்டால் உள்ளே ஈரப்பதம் 75-க்கு வந்து நிற்கும். நம் வீட்டுச் சூட்டில் அந்த எண் அசைவதே இல்லை, அதுதான் இதன் அழகு. முள் மீட்டர் அங்கேயும் 85 என்றது. குப்பைக்குப் போனது. அடுத்து வாங்கிய டிஜிட்டல் மீட்டர் 71 காட்டியது. பரவாயில்லை, ‘+4’ என்று எழுதி அதன் முதுகில் ஒட்டிவிட்டேன்.

அப்புறம் கண்ணாடி வியர்க்கும் தொல்லை. வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் தொட்டியைச் சூடாக்கும் ஹீட் மேட் வாங்கச் சொல்கின்றன. நம் ஊரில் அது எதற்கு? இங்கே வில்லன் படுக்கையறை ஏர்கான். தொட்டிக்குள் 28 டிகிரி, 80 சதவீதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூடு, ஏறக்குறைய 24 டிகிரி. ஏர்கானை 23-இல் வைத்துத் தூங்கினால் விடியும்போது கண்ணாடி முழுக்க நீர்த்துளி. பார்க்க ஈரமாகத் தெரியும், ஆனால் அந்தத் தண்ணீர் வழிந்து மணலின் அடியில் தேங்கும். தோலுரிக்கப் புதைந்திருக்கும் நண்டுக்கு அது ஆபத்து. தொட்டியின் மூன்று பக்கமும் வெளியே ஸ்டைரோஃபோம் ஒட்டினேன். வியர்வை பாதிக்கு மேல் குறைந்தது. ஹாலுக்கு மாற்றியதும் மீதியும் போனது. மாலை வெயில் விழும் ஜன்னலுக்கு எட்டத்தில்தான் வைத்திருக்கிறேன். ‘சாமி மேடைக்குப் பக்கத்திலா நண்டு?’ என்று அம்மா முணுமுணுக்கிறார். வேறு இடம் இல்லையே!

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. பியூபி (சிங்கப்பூர்த் தண்ணீர் வாரியம்) குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமின் என்ற கிருமிநாசினி. ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தாலும் அது போகாது, அதை நீக்கும் கண்டிஷனர் மருந்து விட்டே ஆக வேண்டும். உப்புத் தண்ணீர்க் கிண்ணத்துக்கு மீன் கடையில் விற்கும் கடல் உப்புதான், சமையல் உப்பு வேண்டாம்.

அடுத்து எலெக்ட்ரானிக் கடைகள் உள்ள சிம் லிம் டவர் பக்கம் போய் ஒரு சென்சார் வாங்கி, அளவுகள் ஃபோனுக்கே வரும்படி செய்ய எண்ணம். பெரிய தொட்டியும் பார்த்து வைத்திருக்கிறேன். ஆனால் பெரிய நண்டு இப்போது மண்ணுக்குள் இருக்கிறது, அது மேலே வரும்வரை எதையும் தோண்ட முடியாது. அதற்குள் அது குடிமாற, சாயம் பூசாத, வட்ட வாய் உள்ள டர்பன் வகைச் சங்கு தேட வேண்டும். கடைகளில் பார்ட்டிக்கு வந்த மாதிரி சாயம் அடித்த சங்குகள்தான் கண்ணில் படுகின்றன. நல்லது எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.