டார்வினின் மாமன் மகள்

செப்டம்பர் 1, 2024, ஞாயிறு

டார்வின் கட்டியது மாமன் மகளை. பரிணாமம் நடத்தும்போது இதைச் சொன்னால்தான் கடைசி பெஞ்ச் நிமிர்ந்து உட்காரும். எம்மா வெட்ஜ்வுட் அவருடைய அம்மாவின் தம்பி மகள். கல்யாணம் 1839-ல். அதற்கு இரண்டு வருஷம் முன்பே டார்வினின் அக்கா கரோலினை எம்மாவின் அண்ணன் கட்டியிருந்தார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் இதை விளக்கவே வேண்டாம்.

பத்துப் பிள்ளைகளில் மூன்று சிறுவயதிலேயே இறந்துபோயின. சொந்தத்தில் கட்டியதாலோ என்ற கவலை அவருக்குக் கடைசிவரை போகவில்லை. செடிகளை அவற்றின் சொந்த மகரந்தத்தாலும் வேறு செடியின் மகரந்தத்தாலும் சூல்கொள்ளவைத்து, தலைமுறை தலைமுறையாக உயரத்தையும் விதையையும் அளந்தார். சொந்த மகரந்தத்தில் வந்தவை பெரும்பாலும் நோஞ்சான்கள். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொந்தத்துக் கல்யாணம் பற்றி ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லி, நண்பர் ஜான் லபக் மூலம் நாடாளுமன்றத்தில் கேட்டுப் பார்த்தார். மறுத்துவிட்டார்கள்.

அதே இங்கிலாந்தில், மனைவி இறந்தபின் மச்சினியைக் கட்டினால் 1835 முதல் 1907 வரை அந்தக் கல்யாணம் செல்லாது. துளி ரத்த சம்பந்தம் இல்லாத உறவுக்குத் தடை. தாத்தா பாட்டியைப் பங்குபோட்ட உறவுக்குத் தாராள அனுமதி.

செப்டம்பர் 3, செவ்வாய்

டார்வினை இப்போது தோண்டியதற்குக் காரணம் அக்கா. தம்பி மகளைத் தன் மகனுக்குக் கேட்கிறாள். "நீ சொன்னா அவன் கேப்பான்டா, சொந்தம் விட்டுப் போயிரக் கூடாது." இன்று அந்தப் பெண்ணே நேரில் வந்துவிட்டாள். "பெரியப்பா, நீங்கதானே விலங்கியல் வாத்தியார். அத்தை மகனைக் கட்டலாமா கூடாதா?"

காலண்டர் தாளின் பின்பக்கம் எங்கள் வம்சாவளியை வட்டமும் கட்டமுமாகப் போட்டேன். அத்தை மகனோடு அவளுக்குப் பொதுவான மரபணு எட்டில் ஒரு பங்கு. சித்தப்பா மகனோடும் அதே எட்டில் ஒன்று. "ஒருத்தன் அண்ணன், இன்னொருத்தன் மாப்பிள்ளையா?" என்று சிரித்தாள். தாய்மாமனையே கட்டியிருந்தால் நாலில் ஒன்று. அதற்கும் முறை உண்டு, உரிமையும் உண்டு.

எக்ஸ் குரோமோசோம் மட்டும் வித்தியாசம் பார்க்கும், ஆண் அதை அம்மாவிடமிருந்து மட்டுமே வாங்குவான். ஒருவன் மாமன் மகளையோ சித்தி மகளையோ கட்டினால், பிறக்கும் மகளுக்கு ஒரே பாட்டியின் எக்ஸ் இரண்டு வழியாகவும் வந்து சேரலாம். அத்தை மகளையோ சித்தப்பா மகளையோ கட்டினால் அந்த வழியே கிடையாது. நாம் மாமனையும் அத்தையையும் ஒரு பக்கம் நிறுத்தி, சித்தியையும் சித்தப்பாவையும் மறுபக்கம் நிறுத்தினோம். எக்ஸ் குறுக்கே பிரிக்கிறது.

1955 இந்து திருமணச் சட்டம் இதில் தலையிடாமல் நழுவிக்கொண்டது. தாய்வழியில் மூன்று தலைமுறை, தந்தைவழியில் ஐந்து தலைமுறைக்குள் கூடாது என்று எழுதிவிட்டு, வழக்கம் அனுமதித்தால் சரி என்று ஒரு வாசலைத் திறந்துவைத்தது. அந்த வழக்கம் இல்லாத சமூகத்தில் செல்லாத அதே கல்யாணம் எங்கள் வீட்டில் செல்லும்.

செப்டம்பர் 6, வெள்ளி

இந்த முறை எங்கிருந்து வந்தது? 1891-ல் வெஸ்டர்மார்க் என்ற ஃபின்லாந்துக்காரர் ஒரு காரணம் சொன்னார்: சின்ன வயதிலிருந்து ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவர்கள் மேல் ஆசை வராது. இஸ்ரேலின் கிப்புட்ஸ் என்ற கூட்டுப் பண்ணைகளில் ஒன்றாக வளர்ந்த பிள்ளைகள் தங்களுக்குள் கட்டிக்கொண்டது அபூர்வம். தைவானில் சின்னப் பெண்ணைத் தத்தெடுத்து வளர்த்து, பிறகு மருமகளாக்கும் வழக்கம் இருந்தது. அந்தத் தம்பதிகளுக்குப் பிள்ளைகள் குறைவு, விவாகரத்து அதிகம் என்று மானுடவியலாளர் ஆர்தர் உல்ஃப் கண்டார்.

நம் கூட்டுக்குடும்பத்தில் சித்தப்பா மகள் அதே முற்றத்தில் வளர்வாள். அத்தை மகள் முழுப்பரீட்சை லீவுக்கு மட்டும் வருவாள். அட, பொருந்துகிறதே என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் சித்தி மகளும்தான் வேறு ஊரில் வளர்கிறாள், அவள் ஏன் தங்கை? இங்கே வெஸ்டர்மார்க் கைவிரித்துவிடுகிறார். முறை ஆசையைக் கணக்குப் பார்த்து வந்ததல்ல, யார் பங்காளி, யார் சம்பந்தி என்று பார்த்து வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நிலமும் நகையும் எந்த வாசல் வழியாகப் போகும் என்பதும் அதில் சேர்த்தி.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஆனாலும் மனிதன் போட்ட விதி மரபணுவில் போய் உட்காரும். சாதிக்குள்ளேயே கட்டு என்பதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டாம். ஹைதராபாத்தின் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மைய விஞ்ஞானிகளும் சேர்ந்து 2013-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, இந்தியாவின் மக்கள் கூட்டங்கள் ஏறத்தாழ 4200 முதல் 1900 ஆண்டுகளுக்கு முன்புவரை பரவலாகக் கலந்தன. அப்புறம் கதவு சாத்தப்பட்டது. சாத்தியது மலையோ கடலோ இல்லை, மனிதர்கள்.

விளைவு அறுவைசிகிச்சை மேசைவரை வந்திருக்கிறது. ஆந்திராவின் வைசிய சமூகத்தில் ஒரு நொதிக் குறைபாடு மற்றவர்களைவிட அதிகம். அந்தக் குறை உள்ளவருக்குச் சக்சாமெத்தோனியம் என்ற தசைத்தளர்ச்சி மருந்தைக் கொடுத்தால் சில நிமிடங்களில் மீள வேண்டிய தசைகள் மணிக்கணக்கில் மீளாது, மூச்சுக்கும் கருவிதான். சாதி கேட்பது எனக்குப் பிடிக்காத விஷயம். மயக்க மருந்து டாக்டர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

தம்பி மகளுக்கு என் பதில்: சொந்தத்தில் கட்டினால் எல்லாம் கெட்டுப்போகும் என்பதும் பொய், ஒன்றும் ஆகாது என்பதும் பொய். பல நாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் வயதுக்கு வருமுன் இறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு மூன்று நான்கு கூடுதல். பழகிப்போன நம் பக்கத்தில் கெட்ட மரபணுக்கள் ஏற்கெனவே கழிந்திருக்கும் என்றொரு வாதமும் உண்டு. அதை நம்பிப் பிள்ளை பெற நான் சொல்ல மாட்டேன். இரண்டு பேரும் தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய்க்குச் சோதனை எடுங்கள், மரபியல் மருத்துவரிடம் மூன்று தலைமுறையின் நோய்களைச் சொல்லுங்கள் என்றேன். அவள் சரி என்றாள், சோதனைக்கு மட்டும். அக்காவுக்குக் கோபம். "நம்ம ரத்தத்துல என்னடா குறை கண்டுட்ட?"

இந்த வழக்கத்தைச் சட்டம் ஒழிக்கப்போவதில்லை. எங்கள் தாத்தாவுக்கு ஏழு பிள்ளைகள், எங்களுக்கு முறைக்குப் பஞ்சமில்லை. அக்கா மகன் ஒற்றைப் பிள்ளை, தம்பி மகளும் ஒற்றை. இவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு மாமனும் கிடையாது, அத்தையும் கிடையாது, சித்தப்பாவும் கிடையாது. பேரனுக்கு முறைப்பெண் எங்கே தேடுவாய் என்று போனில் கேட்டேன்.

"அத அவன் பார்த்துப்பான். நீ தம்பிகிட்ட பேசுனியா இல்லையா, அதைச் சொல்லு" என்றாள் அக்கா.