அம்மாவின் வெட்டுக்கோடு

போன வாரம் மலேசியாவில், சுங்கை சிப்புட் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா மீன் கழுவிக்கொண்டே, "அஞ்சு வருசமா ஏதோ தூளை வறுத்துக்கிட்டே இருக்கியே, என்னய்யா அது?" என்றார். கார் புகையில் வரும் கார்பன் மோனாக்ஸைடை அவ்வளவு நச்சில்லாத கார்பன் டை ஆக்ஸைடாக மாற்றும் தூள் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு ஒட்டாது. இந்த முறை பால் மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், தொடங்கினேன்.

அம்மா இருபது வருடம் பால் வெட்டியவர். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்குகிற மாதிரிதான் கோடு போட வேண்டும், மாற்றிச் சாய்த்தால் மங்கில் (பால் ஏந்தும் கிண்ணத்தில்) பால் குறையும், மண்டோர் (தோட்டத்துக் கங்காணி) திட்டுவார் என்று அவருக்குத் தெரியும். காரணம், பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக நிற்பதில்லை, மேலே போகப் போகக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்கின்றன, அதனால் அந்தச் சாய்வில் வெட்டினால்தான் நிறையக் குழாய்கள் அறுபடும். மரம் என்னவோ ஒன்றுதான்.

என் தூளும் அப்படித்தான். படிகத்தை எந்தச் சாய்வில் வெட்டினால் எந்தத் தளம் வெளியே தெரியும் என்பதை 111, 001, 110 என்று எண் போட்டுச் சொல்வோம். கோபால்ட் ஆக்ஸைடு படிகத்தின் 111, 001 தளங்களில் வெளியே தெரிவது இரண்டு மின்னேற்றம் கொண்ட கோபால்ட் அயனிகள் மட்டும். 110 தளத்தில் மூன்று மின்னேற்றம் கொண்டவை தலைகாட்டும், கார்பன் மோனாக்ஸைடு வந்து உட்காருவது அவற்றின் மேல்தான். உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும், அந்தப் பள்ளத்தைக் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் வந்து நிரப்பும். (இந்த மாதிரி வினையை 1954-இல் மார்ஸ், வான் கிரெவலன் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் விளக்கினார்கள்.) 2009-இல் சீனாவின் டாலியன் ஆய்வாளர்கள் 110 தளம் அதிகம் தெரிகிற நுண்குச்சிகளாக இதைச் செய்து, -77 டிகிரி செல்சியஸில் வேலை செய்யவைத்தார்கள். கிட்டத்தட்ட உலர் பனிக்கட்டியின் குளிர்! அதைவிட எனக்குப் பிடித்தது, ஈரம் கலந்த வாயுவிலும் அந்தக் குச்சிகள் தாக்குப்பிடித்தன என்பதுதான். சாதாரண கோபால்ட் ஆக்ஸைடு தண்ணீர் ஆவி பட்டால் சுருண்டுவிடும், நல்ல இடங்களையெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். காய்ந்த வாயுவில் மட்டும் சோதித்துவிட்டுப் பெருமை பேசும் கட்டுரைகளைப் பார்த்தால், ஒரு நாள் மாலை மழையில் எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள் என்று சொல்லத் தோன்றும்.

என் கையில் இப்போது இருப்பது சீரியம் ஆக்ஸைடு, இதே வேலையைச் செய்யும் வேறொரு தூள். அடர்த்தியான காஸ்டிக் சோடாவில் 100 டிகிரியில் வேகவைத்தால் குச்சி, 180 டிகிரி போனால் கனசதுரம், மற்றபடி சேர்க்கிற சாமான் எல்லாம் அதேதான். குச்சியின் தளங்களிலிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்குவது சுலபம், 111 தளம் மட்டும் கஞ்சன், லேசில் விடாது. ஆனால் அதுதான் உறுதியான தளம், அதனால் சூடு ஏறினால் படிகம் அந்தப் பக்கமே சாயும்.

போன மாதம் ராத்திரி உலையின் வெப்பத்தைத் தப்பாக வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் குச்சிகள் இல்லை, உருண்டை உருண்டையாக ஏதோ இருந்தது, வாயுவை விட்டுப் பார்த்தால் பாதி வேலைகூட நடக்கவில்லை.

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "ஆழமா வெட்டினா பட்டை புண்ணாகி முடிச்சு முடிச்சா வீங்குமே, அந்த மாதிரியா?"

அதே மாதிரிதான்மா.

"அப்ப அந்தப் பக்கம் இனி வெட்ட முடியாது," என்று சொல்லிவிட்டு மீனைக் கழுவத் தொடங்கினார்.