அல்ஜியர்ஸ் படிகள்

இன்று காலை, நான் போகவிருக்கும் அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸின் வரைபடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். துறைமுகத்திலிருந்து மேடேறும் பழைய நகர்ப்பகுதியான கஸ்பாவில் தெருக்கோடுகள் திடீரென்று நூலாக மெலிந்துவிட்டன.

அவற்றில் பாதி தெருக்களே இல்லை, படிக்கட்டுகள். வண்டி நுழையாது. குப்பை அள்ள இன்றும் கழுதைகள்தான் ஏறி வருகின்றன.

கஸ்பா 1992 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். இருந்தும் பல வீடுகள் இடிந்துகொண்டிருக்கின்றன. அதனால்தான் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போட மனமில்லை. முதல் நாள் முழுக்க அந்தப் படிகளுக்கே.

அப்புறம், கடலைப் பார்த்து நிற்கும் ஆப்பிரிக்க அன்னை தேவாலயம். 1872-இல் அர்ச்சிக்கப்பட்டது. பலிபீடத்துக்குப் பின்சுவரில் பிரெஞ்சில் ஒரு வரி: ‘எங்களுக்காகவும் முஸ்லிம்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும்.’

பக்கத்து வீட்டையும் சேர்த்துக் கேட்கிற வேண்டுதல்.

படத்தில் பார்த்ததற்கே தொண்டை அடைத்தது. அந்தச் சுவருக்கு எதிரே கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.