'முதன்முதலில்' படுத்தும் பாடு

இணையக் கலைக்களஞ்சியத்தில் சி.வை. தாமோதரம்பிள்ளை பற்றிய கட்டுரையைத் திறந்தது ஒரே ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தத்தான். "சங்க இலக்கியத்தை முதன்முதலில் அச்சேற்றியவர்" என்ற வரி கண்ணில் பட்டது. அன்றைக்குத் தூக்கம் போச்சு.

அதை முழுப் பொய் என்றும் தள்ள முடியாது, அப்படியே விடவும் முடியாது. பத்துப்பாட்டில் ஒன்றான திருமுருகாற்றுப்படையை ஆறுமுக நாவலர் வெகு முன்பே அச்சிட்டுவிட்டார். அது சைவப் பாடல் தொகுப்பான பதினோராம் திருமுறையிலும் இருப்பதால் பக்தி நூல் கணக்கில் போய்விடுகிறது, சங்க நூல் என்று சட்டென்று யாருக்கும் தோன்றுவதில்லை. பிள்ளை 1887-இல் கொண்டுவந்தது எட்டுத்தொகையில் ஒன்றான கலித்தொகை. அதே ஆண்டில்தான் உ.வே.சா.வின் சீவக சிந்தாமணியும் வந்தது, ஆனால் அது காப்பியம். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு யார் முந்தி என்று மல்லுக்கு நிற்பவர்கள் இன்றும் உண்டு.

"எட்டுத்தொகை நூல்களில் முதலில் முழுமையாக அச்சேறியது கலித்தொகை" என்று மாற்றிச் சேமித்தேன். பத்தே நிமிடத்தில் பழைய வரி திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. காரணம், 'சான்று இல்லை'. எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் எனக்குத் தெரியும் என்பது ஒரு சான்றா என்ன? பதிப்பு வரலாறு பற்றிய புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பக்க எண்ணோடு போட்ட பிறகு யாரும் கை வைக்கவில்லை.

அப்புறம் அடைமொழிகள். 'தமிழுக்கே மூச்சை ஈந்த தியாகச் செம்மல்' என்பதை வெட்டினேன், உரையாடல் பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டார். ஐயாவை மட்டம் தட்டுகிறீர்களாம். நான் வாதாடவில்லை. கலித்தொகைப் பதிப்புரையில் பிள்ளையே சொல்லியிருப்பதை எடுத்துப் போட்டேன்: ஏட்டை எடுத்தால் ஓரம் உதிர்கிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது, புரட்டினால் துண்டு துண்டாகப் பறக்கிறது, எழுத்தெல்லாம் பூச்சி உழுத வயலாகக் கிடக்கிறது. அந்தத் தூளிலிருந்து ஒருவர் மூலபாடம் தேடி எடுத்திருக்கிறார் என்றால் செம்மல் பட்டம் எதற்கு?

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "சரிங்க, இதைச் சேருங்க. செம்மலும் ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே."