13 டிகிரியில் தவறிய ஓடை

அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடரிலிருந்து போன வாரம்தான் திரும்பினோம். கோல்ட்ஃபுட் என்ற சிற்றூர் வரை பயணம், கரடி திறக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியுள்ள உணவு டப்பா, விமானம் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. இரண்டு நாளைத் தின்றது வரைபடம்.

'கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக்' பூங்காவுக்குள் பாதை என்று எதுவும் கிடையாது. ஓடைதான் பாதை. அதனால் ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் அளவுள்ள வரைபடத் தாள்களைக் கடையில் கேட்டு வாங்கினேன். "புது அச்சு" என்றார்கள். அச்சுதான் புதிது, அளவீடு பல பத்தாண்டு பழையது. அடி ஓரத்தில் பொடி எழுத்தில் காந்த ஒதுக்கம், அதாவது உண்மை வடக்குக்கும் திசைகாட்டி முள் காட்டும் வடக்குக்கும் உள்ள கோணம், 28 டிகிரி என்று இருந்தது. அதை அப்படியே திசைகாட்டியில் வைத்துவிட்டேன். காந்த வடதுருவம் நகர்ந்துகொண்டே இருப்பதால் இன்று அங்கே அது சுமார் 15 டிகிரிதான். 13 டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டருக்கு 230 மீட்டர் விலகிப்போவோம்.

மேகம் இறங்கி எதிரே ஒன்றும் தெரியாத நேரத்தில், இடப்பக்கம் இருந்த வேறொரு கணவாயில் ஏறி இறங்கியிருக்கிறோம். கீழே ஓடையைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. தாளில் அது இடமிருந்து வலமாகப் போக வேண்டும். கண்ணெதிரே வலமிருந்து இடமாக ஓடியது. இதை மட்டும் மறக்காதீர்கள்: எந்த ஓடையை அடைந்தாலும் முதலில் தண்ணீர் போகும் திசையைத் தாளோடு ஒப்பிடுங்கள்.

தாளில் அடுத்தடுத்த சம உயரக் கோடுகளுக்கு இடையே உயர வித்தியாசம் 100 அடி. 60 அடிப் பாறைச் சரிவு அதற்குள் காணாமல் போய்விடும். திரும்பும்போது அப்படி ஒன்றில்தான் முட்டிக்கொண்டு, சுற்றி வந்தோம். ஜி.பி.எஸ். எண்களைப் பழைய தாளில் குறிக்கிறவர்கள் கருவியையும் அந்தத் தாளின் 1927 ஆதார முறைக்கு (இட எண்களைக் கணக்கிடும் அடிப்படை) மாற்றுங்கள். இல்லையென்றால் நூறு மீட்டர் அளவுக்குத் தள்ளிப்போகும்.

அன்று இரவு மழை. நிலத்தடியில் உறைபனி, தண்ணீர் உள்ளே இறங்காது, ஓடை மளமளவென்று ஏறியது. கரையோரம் ஒரு வில்லோக் குச்சியை நட்டுவைத்தேன். மழை விட்டு, விடியற்காலையில் பார்த்தால் குச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் ஈரக்கல். உடனே முதுகுப்பையின் இடுப்புவாரை அவிழ்த்துவிட்டு, கைகோத்து இறங்கினோம். முழங்காலுக்கு மேல் ஏறவில்லை.

ரேடார் அளவீட்டில் தயாரான 1:25,000 தாள்களை அமெரிக்க நிலவியல் அளவைத் துறை இலவசமாகத் தருகிறது. அடுத்த முறைக்கு இறக்கி வைத்தாயிற்று.